அசையாதே மாமா படுத்த இடம்

புல்வெளிப் படிவத்தில் மாடுகளுக்குப் பத்து வரி ஒதுக்கியிருக்கிறார்கள். என் அரிவாளுக்கு ஆறு வரி. ‘பராமரிப்பில் பங்குபெறும் நபர், அவரைப் பற்றிய குறிப்பு’ என்ற இடத்தில் மட்டும் நாலே வரி. என் மாமாவை நாலு வரியில் அடக்க யாராலும் முடியாது. அவர் தொப்பைக்கே மூன்று வரி போய்விடும். அதனால் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். படிக்கிற மேலதிகாரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். மருத்துவமனையில் கீழ்த்தளத்தின் கடைசி அறையில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்தெட்டு வருடமாக, ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரிடம், “மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க... ம், விடுங்க” என்று சொல்லிச் சொல்லி அது அவர் நாக்கில் குடியேறிவிட்டது. அக்கா வெங்காயம் நறுக்கும்போது பின்னால் போய் நின்று “அசையாதே” என்பார். பேருந்தில் ஓட்டுநரிடம் சொல்லி ஒருமுறை நடுவழியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறார். தன் கல்யாணப் படத்தின்போது மூச்சை இழுத்துப் பிடித்தவர், படம் எடுப்பவன் “விடுங்க” என்று சொல்லாததால் விடவே இல்லை. எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை முகம் நீலம் பாரித்திருக்கிறது. தெருவில் அவருக்கு ‘அசையாதே’ என்றே பெயர்.

இப்படிப்பட்ட மனிதர் பூவைப் படமெடுக்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. தப்பு என்னுடையது.

புல்வெளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நகராட்சிக்குச் சொந்தமான அந்தச் சரிவை என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பார்த்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பது. உரம் போடக் கூடாது, உழக் கூடாது, விதை தூவக் கூடாது. புல் வளர்ந்து, பூத்து, பூ காய்ந்து விதை கொட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒரே ஒரு முறை, ஆள் உயரக் கம்பு போட்ட வளைந்த அரிவாளால் கைப்பட அறுப்பு. அறுத்த புல்லை மூன்று நாள் அங்கேயே புரட்டிப் போட்டுக் காயவைத்து, மிச்ச விதையும் உதிர்ந்த பிறகுதான் அள்ளலாம். அதற்கப்புறம் ஆறு வாரம் மாடுகள். பூக்கும் காலத்தில் அரிவாள் அகலத்துக்கு ஒரு பாதை வெட்டி வைப்பேன். அந்தப் பாதையை விட்டு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

இவ்வளவு பத்தியமும் ஆர்க்கிட்டுக்காக. ஆர்க்கிட் என்றதும் பூக்கடையில் தொட்டியோடு விற்பது நினைவுக்கு வரும். அது இல்லை. இது காட்டு ஆர்க்கிட். ஒரு சாண் உயரம். ஊதா நிறத்தில் பத்துப் பதினைந்து சின்னப் பூக்கள் தண்டைச் சுற்றி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பூவின் கீழ் உதட்டிலும் புள்ளி. பார்க்க வருகிற பாதிப் பேர், “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

அந்த ‘இதுக்கா’தான் எங்கள் புல்வெளியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வருடா வருடம் ஓர் அதிகாரி வந்து எண்ணுவார். அறுபது தண்டாவது பூத்திருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வருடம் அறுபதுக்குக் கீழே போனால் பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலிலிருந்து புல்வெளியின் பெயர் அடிக்கப்படும். பெயர் போனால் சரிவை மட்டம் செய்து லாரி நிறுத்துமிடம் ஆக்குவதாகத் திட்டம். வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன். கழிப்பறை எங்கே வரும் என்பது வரைக்கும் போட்டுவிட்டார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன்பு மாமா ஒரு கேமரா வாங்கினார். வாங்கிய மறுநாளே புல்வெளிக்கு வந்துவிட்டார். பாதையை விட்டு இறங்கக் கூடாது என்றேன். பின்னாலேயே வந்த அக்கா, “எடுக்கட்டும்டா. உன் புல்லு என்ன கண்ணாடியா?” என்றாள். அக்கா சொன்னால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

மற்றவர்கள் பத்துப் பூவைப் பத்துப் படம் எடுப்பார்கள். மாமா ஒரே ஒரு பூவைத்தான் எடுத்தார். பாதையிலிருந்து ஓர் ஆள் நீளம் உள்ளே இருந்த ஓர் ஆர்க்கிட். அதற்கு ‘பேஷண்ட்’ என்று பெயர் வைத்தார். அதன் கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் வருடா வருடம் அதே இடத்தில் எழும்பும். மாமாவும் வருடா வருடம் அதே இடத்தில் குப்புறப் படுப்பார். கால் பாதைப் பக்கம், தலை பேஷண்ட் பக்கம்.

“ஒரு படத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மாப்ள. போன வருஷப் படத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும். அதுக்குத் தூரமும் கோணமும் மாறவே கூடாது” என்பார்.

மாறாமல் இருக்க, இரண்டு முழங்கையும் ஊன்றும் இடத்தில் இரண்டு மர முளைகள் அடித்துக்கொண்டார். இடது முட்டியில் வலி என்பதால் அந்தக் காலை மட்டும் மடக்கி வைப்பார். தொப்பை மண்ணில் அழுந்த, தலையைத் தூக்கிக் கேமராவில் கண்ணை வைத்து, காற்று நிற்பதற்காகக் காத்திருப்பார். பன்னிரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். இடையில் காற்று வீசும்போதெல்லாம், “மூச்சப் பிடிங்க, அசையாதீங்க” என்று பூவிடம் சொல்வார். பூ கேட்காது. “இந்தப் பேஷண்ட் ஒத்துழைக்கவே மாட்டேங்குது” என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வார்.

அவர் வீட்டு முன்னறையில் மருத்துவமனையில் கழித்துக்கட்டிய வெளிச்சப் பெட்டி ஒன்று இருக்கிறது, எக்ஸ்ரே படத்தைச் செருகிப் பார்ப்பார்களே, அது. அதில்தான் ஆர்க்கிட் படங்களை மாட்டுவார். பதினொரு வருடத்துக்குப் பதினொரு படம். வருகிறவர்கள், “எதுக்கு ஒரே படத்தப் பதினொரு பிரதி போட்டிருக்கீங்க?” என்பார்கள். மாமா மனம் நொந்துபோவார். “நல்லாப் பாருங்க. ஏழாவது வருஷம் கீழ் உதட்டுல ஒரு புள்ளி கூட. ஒன்பதாவது வருஷம் தண்டு லேசா வளைஞ்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல” என்பார். யாரும் பயப்பட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. படுத்துப்போன புல்லை அரிவாளால் அறுக்க முடியாது, வழுக்கிக்கொண்டு போகும். புல்வெளி முழுவதையும் இரண்டு நாளில் முடிப்பேன், மாமா படுத்த இடத்துக்கு அரை நாள் ஆகும். இதில் கணக்கும் குறைய ஆரம்பித்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐம்பத்திரண்டு தண்டு. போன வருடம் நாற்பத்தொன்பது. இன்னும் ஒரு வருடம் தவறினால் லாரிதான். ராத்திரி சாப்பாடு இறங்காமல் யோசித்தேன். நாற்பது வருடமாகக் கால் வைக்காமல் காப்பாற்றிய இடத்தில் ஒரு ஆள் தொண்ணூறு கிலோவோடு படுத்துக் கிடக்கிறார். வேறு காரணம் தேட வேண்டுமா?

அந்த எரிச்சலோடு போன வருடம் அறுப்புக்கு இறங்கினேன். மாமா படுத்த இடத்துக்கு வந்து அரிவாளை வீசினேன். டங் என்றது. முளை! மறந்துபோய்ப் பிடுங்காமல் விட்டிருந்தார். அப்பா கொடுத்த அரிவாள். அதன் வாயில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு விழுந்துவிட்டது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அரிவாளை வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். மாமா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, “எலும்பு முறிவு மாதிரி இல்ல. சின்னக் கீறல்தான்” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை.

“இனிமே புல்வெளிப் பக்கம் தலைவெச்சும் படுக்காதீங்க மாமா. உங்க தொப்பைதான் அந்தப் பூவெல்லாத்தையும் கொன்னுது” என்றேன்.

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். யாரும் ‘விடுங்க’ சொல்லவில்லை. நான் வந்துவிட்டேன்.

பத்து மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா மட்டும் அவ்வப்போது போன் செய்வாள். “அவரு சரியாச் சாப்பிடறதே இல்லடா” என்று ஒருமுறை சொன்னாள். “நல்லதுதான், தொப்பை குறையட்டும்” என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இந்த வருடம் எண்ணுவதற்குப் புது அதிகாரி அம்மா வந்தார். கையில் படிவம், கழுத்தில் தொலைநோக்கி. இருவரும் பாதையோடு நடந்து எண்ணிக்கொண்டே சரிவின் மேல் விளிம்புக்குப் போனோம். நாற்பத்தேழு. மறுபடி எண்ணினோம். நாற்பத்தேழேதான். அறுபதுக்கு இன்னும் பதின்மூன்று வேண்டும். பார்க்காமல் விட்டது கீழ்க் கோடி மட்டும்தான், மாமாவின் இடம் இருக்கும் பக்கம். கோபத்தில் அந்தப் பக்கம் இந்த வருடம் பாதையே வெட்டவில்லை, எட்டியும் பார்க்கவில்லை.

அதிகாரி அம்மா மேலேயிருந்து தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார். “ஏங்க, அங்க யாரோ படுத்திருக்காங்களே” என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சொன்னதையும் மீறித் திருட்டுத்தனமாக வந்து படுத்திருக்கிறார்! “மாமா! எழுந்திரிங்க! எழுந்திரிங்கங்கறேன்ல!” என்று மேலேயிருந்து கத்தினேன். அசைவில்லை. அசையாமல் இருப்பதில் அவரை மிஞ்ச முடியாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் இது அதிகம்.

“ஊதாச் சட்டை, ஊதா பேன்ட்” என்று அதிகாரி அம்மா பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு குரல் மாறியது. “ஐயோ, தலையக் காணோங்க!”

நான் ஓடினேன். பாதை, விதி எல்லாம் மறந்து நேராகச் சரிவில் இறங்கி ஓடினேன். ஓடும்போதே எனக்குள் கோபம் போய் வேறொன்று வந்துவிட்டது. அக்காவிடம் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்தேன்.

அங்கே மாமா இல்லை. மாமாவின் வடிவத்தில் ஆர்க்கிட் பூத்திருந்தது. இரண்டு முழங்கை, மார்பு, பெரிய தொப்பை, நீட்டிய வலது கால், மடக்கிய இடது கால். ஓரம் பிசகாமல், துணி வெட்டிப் போட்டது மாதிரி இருந்தது. தலை மட்டும் இல்லை. அவர் தலையைத்தான் எப்போதும் தூக்கி வைத்திருப்பாரே! தலை இருக்க வேண்டிய இடத்துக்கு அப்பால் பேஷண்ட் தனியாக நின்றுகொண்டிருந்தது.

எண்ணினேன். முப்பத்தொன்று. நாற்பத்தேழோடு சேர்த்தால் எழுபத்தெட்டு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த அதிகாரி அம்மாவுக்கு அழுகை வரவில்லை. படிவத்தைத் திருப்பி ஒரு விதியைக் காட்டினார். “நட்டது கணக்குல சேராது. காட்டுப் பூ ஆள் உருவத்துல முளைக்காதுங்க. இது யாரோ கொண்டுவந்து நட்டது. இதச் சேக்க முடியாது.”

“யாரும் நடல. எங்க மாமா படுத்த இடம் இது.”

“அப்ப அவரக் கூட்டிட்டு வாங்க. பொருந்துதான்னு பாக்கலாம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு நான் கணக்க முடிச்சாகணும்.”

மருத்துவமனைக்கு ஓடினேன். எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெஞ்சில் பதினான்கு பேர். எல்லோர் கையிலும் சீட்டு. நான் கதவைத் தட்டப் போனதும் பதினான்கு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் திரும்பிப் போய் நானும் சீட்டு வாங்கினேன். என் முறை வந்தது. உள்ளே நுழைந்தால், மாமா, கதிர் படாமலிருக்க மாட்டும் கனத்த ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு, இயந்திரத்தைப் பார்த்தபடியே, “சட்டையக் கழட்டிட்டுப் பலகைல நெஞ்ச ஒட்டி நில்லுங்க” என்றார்.

“மாமா, நான்தான்.”

திரும்பவில்லை. “பேசாதீங்க. பேசினாப் படம் கலங்கிடும்.”

வேறு வழியில்லை. சட்டையைக் கழற்றி நின்றேன். பலகை ஐஸாக இருந்தது. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார், முகவாயை நிமிர்த்தினார். யாரோ மாதிரித்தான் தொட்டார். “மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க” என்றபடி தடுப்புச் சுவருக்குப் பின்னால் போனார்.

பிடித்த மூச்சையெல்லாம் ஒரேயடியாக விட்டுக் கத்தினேன். “மாமா, உங்க பேஷண்ட் பக்கத்துல முப்பத்தோரு பேர் வந்து படுத்திருக்காங்க!”

சுவருக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது. “பொசிஷன் சரியா இருக்கா?” என்று கேட்டார்.

உதவியாளரிடம் அறையை ஒப்படைத்துவிட்டு வந்தவர், ஈய அங்கியைக் கழற்ற மறந்து அதோடு புல்வெளி வரைக்கும் நடந்தார். வழியில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். பூத்திருந்த தன் உருவத்தைப் பார்த்ததும் மாமா அதை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, “இடது முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கணும். வலில சரியா மடக்காம விட்டிருக்கேன்” என்றார்.

பூவின் மேல் படுக்கவைத்துப் பார்த்தால் பூ நசுங்கும். அதனால் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்குப் புல்லை நானே அறுத்துக் கொடுத்தேன். அங்கியைக் கழற்றிவிட்டு, வழக்கமான நிலையில் குப்புறப் படுத்தார். அதிகாரி அம்மா அளவு நாடாவை எடுத்தார். மாமா மூச்சு விட்டதில் நாடா நழுவியது. “அசையாதீங்க” என்றார் அம்மா.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபத்தெட்டு வருடத்தில் யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லை.

முழங்கைக்கு முழங்கை பொருந்தியது. கால் நீளம் பொருந்தியது. மடக்கிய முட்டியின் கோணம் பொருந்தியது. தொப்பையில் வந்து நின்றது. பூவின் தொப்பை அறுபத்தொரு சென்டிமீட்டர். மாமாவின் தொப்பை ஐம்பத்திரண்டு.

“ஒன்பது சென்டிமீட்டர் இடிக்குது” என்றார் அதிகாரி அம்மா. “இது வேற ஆளு.”

அக்கா என்னைப் பார்த்தாள். “சொல்லுடா. அந்த ஒன்பது எங்க போச்சுன்னு நீயே சொல்லு.”

வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்னேன். “பத்து மாசத்துக்கு முன்னாடி நான்தாம்மா இவர இங்க வராதீங்கன்னேன். உங்க தொப்பைதான் பூவக் கொன்னுதுன்னும் சொன்னேன். அதுலேருந்து இவரு சரியாச் சாப்பிடல. அக்கா சொன்னா, நான் நக்கல் பண்ணினேன். அந்த ஒன்பது சென்டிமீட்டரும் நான் பண்ணினது.”

குப்புறப் படுத்திருந்த மாமா, மூச்சைப் பிடித்தபடியே, “பரவால்ல மாப்ள” என்றார். “பேசாதீங்க” என்றார் அதிகாரி அம்மா. ஆனால் குரல் இளகியிருந்தது.

அவர் மண்டியிட்டுப் பூக்களுக்கு நடுவே விரலால் விலக்கிப் பார்த்தார். புல் அங்கே மெலிந்து, மண் தெரிந்தது. “வருஷா வருஷம் ஒரே இடத்துல அழுத்தினதுல புல்லு சோர்ந்துபோயிருக்கு. வெளிச்சம் மண்ணுக்குப் போயிருக்கு. இந்த விதை மண்ணுக்குள்ளயே பல வருஷம் கெடக்கும். இவரு படுத்ததால மொளைச்சிருக்கு. ஆனா இவரு வந்து படுத்துக்கிட்டே இருந்தா எழும்பியிருக்காது. நீங்க துரத்தினதால பூத்திருக்கு” என்றார்.

“அப்ப என்னாலதான்” என்றேன் நான்.

“என் தொப்பையாலதான்” என்றார் மாமா தரையிலிருந்து.

“ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்றாள் அக்கா.

அதிகாரி அம்மா எழுபத்தெட்டு என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் யோசித்தார். மரபுப் பராமரிப்பு என்ற பகுதியில் அறுப்பு, உலர்த்தல், மேய்ச்சல் என்று மூன்று இருக்கிறது. நான்காவதாக, ‘படுத்தல்’ என்று சேர்த்தார். ‘ஒரு நபர். வருடம் பன்னிரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். ஒரே இடம், ஒரே நிலை. பூக்கத் தொடங்கினால் இடம் மாற்றவும். எடை தொண்ணூறு கிலோவுக்குக் குறையக் கூடாது.’ இதை இனிமேல் மாற்ற வேண்டுமானால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். சொந்த மாமாவோடு சண்டை போட்டுத் துரத்துவதற்குக்கூட இப்போது எனக்கு உரிமை கிடையாது.

மறுநாளே மாமா புது இடம் பார்த்தார். பழைய பேஷண்டுக்கு ஓய்வு கொடுத்து, பாதையின் மறுபுறம் தனியாக நின்ற ஓர் ஆர்க்கிட்டைப் புது பேஷண்ட் ஆக்கிக்கொண்டார். எடை இன்னும் தேறவில்லை. அதுவரைக்கும் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு படுக்கலாம் என்று அதிகாரி அம்மா போனில் அனுமதி தந்திருக்கிறார். மருத்துவமனையில் பழைய அங்கி ஒன்று கிடைத்தது. அக்கா தினமும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பாதையில் வந்து உட்கார்ந்து, எடுத்து எடுத்துக் கொடுக்கிறாள்.

முதல் நாள் மாமா என்னைப் பார்த்துத் தயங்கினார். “முளை இல்லாம கோணம் மாறிடும் மாப்ள. அரிவாளுக்கு ஆகாதுன்னா வேணாம்” என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சுத்தியல் எடுத்துவந்தேன். இரண்டு முளையையும் நானே அடித்தேன். அரிவாளின் கண்ணில் படட்டும் என்று இரண்டிலும் சிவப்புத் துணி கட்டினேன். அரிவாளின் வெட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. தீட்டி எடுக்க மனசு வரவில்லை.

முழங்கையை முளையில் ஊன்றிப் படுத்துக் கண்ணைக் கேமராவில் வைத்தார். நான் சுத்தியலோடு எழப் போனேன். “அசையாதே மாப்ள, உன் நிழல் இப்பச் சரியா விழுது” என்றார். நின்றேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். காற்று வந்தது, பூ ஆடியது. இரண்டாவது காற்று வந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் ‘விடுங்க’ என்று சொல்லட்டும் என்று அப்படியே நின்றேன்.